டாம் ஆஸ்போர்ன்: நெப்ராஸ்காவின் கோச், பிறகு அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த டாம் ஆஸ்போர்ன்?

அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கும் நெப்ராஸ்கா மாநிலத்தின் பல்கலைக்கழக அணிக்கு 1973 முதல் 1997 வரை, 25 சீசன், தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். ஒரு சீசனில்கூட 9 வெற்றிக்குக் கீழே போனதில்லை. மூன்று தேசியப் பட்டங்கள். அப்புறம் ஆறு வருடம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினர். அதற்கும் பிறகு, 70 வயதில், அதே பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டுத் துறை இயக்குநராகத் திரும்பி வந்து ஐந்து வருடத்துக்குமேல் நிர்வாகம் பார்த்தார். பிறந்தது 1937 பிப்ரவரி 23, அதே மாநிலத்தின் ஹேஸ்டிங்ஸ் என்ற சிற்றூரில்.

எந்த ஃபுட்பால்? கல்லூரி ஆட்டத்துக்கா இத்தனை பேச்சு?

ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்தான். கல்லூரி ஆட்டம் என்றதும் நம் ஊர்க் கல்லூரி விளையாட்டு விழாவை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நெப்ராஸ்காவில் பெரிய புரொஃபஷனல் ஃபுட்பால் அணியே கிடையாது, முழு மாநிலத்துக்கும் இந்த ஒரு பல்கலைக்கழக அணிதான். லிங்கன் நகரத்தில் இருக்கும் மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பர் 3-இல் தொடங்கி எல்லா ஹோம் மேட்சுக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்து வருகிறது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் கூட்டம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்று அங்கே சொல்வார்கள், கணக்குப் பார்த்தால் அது உண்மையும்கூட. இப்படிப்பட்ட இடத்தில் கோச் வேலை என்றால் எவ்வளவு கண்கள் மேலே இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கோச் வேலைக்கு எப்படி வந்தார்?

கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான். ஹேஸ்டிங்ஸ் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக (தாக்குதலை நடத்தி, பந்தை எறிபவர்) ஆடி, புரொஃபஷனல் லீகில் வாஷிங்டன் அணிக்கு ரிசீவராகக் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) கொஞ்ச காலம் ஆடிவிட்டு, 1962-இல் மேற்படிப்புக்காக லிங்கன் வந்தார். அந்த வருடம்தான் பாப் டிவானி என்பவர் அங்கே புதிதாகத் தலைமைப் பயிற்சியாளர் ஆகியிருந்தார். அவரிடம் போய் ஏதாவது உதவி வேலை இருக்கிறதா என்று கேட்டார் ஆஸ்போர்ன். சம்பளம் எதுவும் இல்லை, ஆட்டக்காரர்களோடு சாப்பாடு உண்டு, பதிலுக்கு ஹாஸ்டலில் அடங்காத பையன்களோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பகலில் மைதானம், மற்ற நேரத்தில் படிப்பு என்று ஓட்டி 1965-இல் கல்வி உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். படிப்பு முடிந்த பிறகும் மைதானத்தை விட்டுப் போகவில்லை.

1967, 68 இரண்டு வருடமும் அணி சுமாராக ஆடி, டிவானியை வெளியே அனுப்பச் சொல்லி ஊரில் குரல் கிளம்பியபோது, தாக்குதல் ஆட்டத்தைப் புதிதாக அமைத்துக் கொடுத்தவர் ஆஸ்போர்ன்தான். 1970-லும் 71-லும் நெப்ராஸ்கா தேசியப் பட்டம் ஜெயித்தது.

அதே காலத்தில் அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாக வெளியே பேசப்படாதது. பாய்ட் எப்லி என்று ஒரு மாணவர். போல் வால்ட் (கோலூன்றித் தாண்டும்) வீரர், முதுகில் அடிபட்டு, குணமாவதற்காகத் தனியாக ஜிம்மில் எடை தூக்கிக்கொண்டிருந்தார். அடிபட்டு ஓய்வில் இருந்த ஃபுட்பால் ஆட்டக்காரர்கள் அவரைப் பார்த்துப் பார்த்து அதையே செய்ய, திரும்பி வரும்போது முன்பைவிட பலமாக வருகிறார்கள் என்பதைக் கவனித்தவர் ஆஸ்போர்ன். எடை தூக்கினால் உடம்பு இறுகி வேகம் போய்விடும் என்று கோச்சுகள் எல்லாரும் நம்பிய காலம் அது. எப்லியைக் கூட்டிப்போய் டிவானி முன்னால் நிறுத்தினார். எவனாவது ஒருவன் வேகம் குறைந்தாலும் உனக்கு வேலை இல்லை என்று எச்சரித்துத்தான் டிவானி சம்மதித்தார். 1969-இல் எப்லி வேலைக்குச் சேர்ந்தார். இன்றைக்கு அமெரிக்காவின் எந்தப் பெரிய கல்லூரிக்குப் போனாலும் உடற்பயிற்சிக்கென்று தனி கோச் இருக்கிறார் என்றால் அதன் வேர் பெரும்பாலும் லிங்கனில் இருக்கிறது.

தலைமைப் பயிற்சியாளர் ஆனதும் எடுத்த எடுப்பிலேயே வெற்றியா?

எண்ணிக்கையில் பார்த்தால் ஆமாம். ஆனால் ஊர் மக்கள் அந்த எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. தெற்கே இருக்கும் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியிடம் ஜெயித்தாரா என்றுதான் கேட்டார்கள். 1973 முதல் 77 வரை ஐந்து வருடமும் தோல்வி. அங்கே பேரி ஸ்விட்சர் என்ற கெட்டிக்காரக் கோச் இருந்தார், இருவரும் மோதிய 17 ஆட்டத்தில் ஆஸ்போர்ன் ஜெயித்தது ஐந்துதான்.

1978 சீசன் இவருக்குச் செய்தது கொடுமை. கடைசியில் ஓக்லஹோமாவை 17-14 என்று வீழ்த்திவிட்டார், ஊரே கொண்டாடியது. அடுத்த வாரமே சொந்த மைதானத்தில் மிசௌரியிடம் 35-31 என்று தோற்றார். சரி, சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டமான ஆரஞ்சு பவுலுக்காவது போகலாம் என்றால் அங்கே எதிராளி யார் தெரியுமா? மறுபடியும் ஓக்லஹோமா. 31-24 தோல்வி. அந்தச் சமயத்தில் கொலராடோ பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டது, அவரும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் போகவில்லை.

அப்போதே ஏன் யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை?

என் பார்வையில் இந்த மனிதரின் கதையில் முக்கியமான கேள்வி இதுதான். கோச் வேலையை இவரிடம் ஒப்படைத்த டிவானி, விளையாட்டுத் துறை இயக்குநராக அதே கட்டடத்தில் இருந்தார், 1990-களின் தொடக்கம் வரைக்கும். கோச்சை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யும் நாற்காலியில் இருந்தவர், கோச்சாக இருந்து ஊர்ப்பேச்சு வாங்கியவர். 1967-68-இல் தன் தலைக்கே கத்தி வந்ததை அவர் மறந்திருக்க மாட்டார். ஆஸ்போர்னுக்கு முதல் தேசியப் பட்டம் கிடைத்தது 22-ஆவது சீசனில். 22 வருடம்! இன்றைய நிலவரத்தில் மூன்று நான்கு வருடத்துக்குமேல் யாரும் காத்திருப்பதில்லை. வருடத்துக்கு 9, 10 வெற்றி வந்துகொண்டே இருந்தது என்பதும் காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. இருந்தாலும் ஆஸ்போர்னின் சாதனையில் ஒரு பங்கு அவரை விட்டுவைத்த நிர்வாகிக்கும் போக வேண்டும்.

1984 ஆரஞ்சு பவுலைப் பற்றி ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

1983 சீசனின் நெப்ராஸ்கா அணி புயல் மாதிரி ஆடியது. டர்னர் கில் குவார்ட்டர்பேக், மைக் ரோசியர் ஓட்டக்காரர், இர்விங் ஃப்ரையர் ரிசீவர். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 50 புள்ளிக்குமேல். 12 ஆட்டமும் ஜெயித்து, முதலிடத்தில் இருந்தபடி 1984 ஜனவரி 2-இல் மியாமிக்கு எதிராக இறங்கினார்கள், அதுவும் மியாமியின் ஊரிலேயே. தொடக்கத்திலேயே மியாமி 17-0. நெப்ராஸ்கா துரத்திப் பிடித்தது, மறுபடி பின்தங்கி 31-17, மறுபடி துரத்தல். ரோசியர் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருக்க, 48 விநாடி மீதி இருக்கும்போது நான்காவது டவுனில் (கடைசி வாய்ப்பில்) ஜெஃப் ஸ்மித் 24 யார்டு ஓடி, பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் ஆறு புள்ளி தரும் டச்டவுன் போட்டார். 31-30.

இப்போது ஒரு உதை உதைத்தால் ஒரு புள்ளி, ஆட்டம் சமன். அன்றைக்கு ஓவர்டைம் கிடையாது, அது 1996-இல்தான் வந்தது. பட்டம் யாருக்கு என்பதைப் பத்திரிகையாளர்களும் கோச்சுகளும் போடும் ஓட்டு தீர்மானித்த காலம். தோல்வியே காணாத ஒரே பெரிய அணி என்ற கணக்கில், சமன் செய்தாலும் பட்டம் அநேகமாக நெப்ராஸ்காவுக்குத்தான் வந்திருக்கும். ஆஸ்போர்ன் அதை எடுக்கவில்லை. உதைக்காமல், பந்தை மறுபடி எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோய் இரண்டு புள்ளிக்கு முயற்சி செய்யச் சொன்னார். கில் வலப்பக்கம் நகர்ந்து ஸ்மித்துக்கு எறிந்தார், மியாமியின் கென்னி கால்ஹூன் விரல் பட்டுப் பந்து விலகிப்போனது. முடிந்தது.

பதினொரு வருடமாக முதல் பட்டத்துக்குக் காத்திருந்த மனிதர், பெரிய ஆட்டத்தில் ஜெயிக்கத் தெரியாதவர் என்ற பேச்சைக் கேட்டுக்கேட்டு அலுத்தவர், கைக்கு வந்ததைச் சமன் செய்து வாங்க மறுத்தார். ஜெயிப்பதற்குத்தான் வந்தோம் என்பதைத் தவிர அவர் பக்கத்தில் வேறு விளக்கம் இல்லை. நாடு முழுக்க அவருக்கு மரியாதை கூடியது அந்தத் தோல்வியால்தான், எனக்கும் அந்த முடிவு சரியானதாகவே படுகிறது.

'வாக்-ஆன்' என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஸ்காலர்ஷிப் இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு அணியில் சேருகிற மாணவர்கள். கல்லூரிகள் எத்தனை ஆட்டக்காரருக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வந்தபோது, மக்கள்தொகை குறைந்த நெப்ராஸ்காவுக்கு அது பெரிய அடியாக இருந்திருக்க வேண்டும். ஆஸ்போர்ன் மாநிலத்தின் சின்னச் சின்ன ஊர்ப் பையன்களைச் செலவை அவர்களே பார்த்துக்கொண்டு வரச் சொன்னார், வந்தவர்களை ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரர்களோடு ஒன்றாகவே நடத்தினார், இரண்டு மூன்று வருடம் எப்லியின் ஜிம்மில் எடை தூக்கி வளர்ந்த பிறகு அவர்களில் பலர் முதல் வரிசைக்கு வந்தார்கள். சோளக்காட்டு ஊர்களில் ஏதோ ஒரு வீட்டுப் பையன் அந்தச் சிவப்புச் சட்டை போட்டிருப்பான், அதனால் அந்த ஊர் முழுக்க அணி பக்கம் நிற்கும்.

கடைசியில் பட்டம் எப்போது வந்தது?

அதற்கு முன்னால் வயிற்றெரிச்சல் இன்னும் பாக்கி இருந்தது. 1987 சீசன் தொடங்கி 1993 வரை சீசன் முடிவில் ஆடும் பவுல் ஆட்டங்களில் தொடர்ந்து ஏழு தோல்வி. ஏழாவது, ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 18-16. நெப்ராஸ்கா 16-15 என்று முன்னேறியபோது கடிகாரத்தில் 1 நிமிடம் 16 விநாடி மிச்சம், அதற்குள் விட்டுவிட்டார்கள், மூன்று புள்ளி தந்திருக்கும் கடைசி ஃபீல்ட் கோல் உதையும் இடப்பக்கம் விலகியது. அடுத்த கோடைக்காலப் பயிற்சியில் ஸ்டேடியம் ஸ்கோர்போர்டில் 1:16 என்று எரியவிட்டுத்தான் ஓடினார்கள்.

1994-இல் முதல் குவார்ட்டர்பேக் டாமி ஃப்ரேசியருக்குக் காலில் ரத்தக்கட்டு. மாற்று ஆட்டக்காரர் புரூக் பெரிங்கர் வந்து சீசனைக் காப்பாற்றினார். 1995 ஜனவரி 1, மறுபடி மியாமி, மறுபடி அதே ஆரஞ்சு பவுல். நான்காவது கால்பகுதியில் 17-9 என்று பின்தங்கியிருந்தபோது ஃப்ரேசியர் திரும்ப இறக்கப்பட்டார். ஃபுல்பேக் கோரி ஷ்லெசிங்கர் நடுவில் புகுந்து 15 யார்டு, பிறகு 14 யார்டு, இரண்டு டச்டவுன். 24-17. எப்லியின் பயிற்சி எதற்கு என்று கேட்டவர்களுக்கு அந்தக் கால்பகுதிதான் பதில், மியாமியின் முன்வரிசை மூச்சு வாங்கியது கண்ணுக்கே தெரிந்தது.

1995 அணி 12-0, யாராலும் 14 புள்ளி வித்தியாசத்துக்குள் நெருங்க முடியவில்லை, இறுதியில் ஃப்ளோரிடாவை 62-24 என்று நொறுக்கினார்கள். 1997-இல் 13-0, பட்டத்தை மிச்சிகனோடு பகிர்ந்துகொண்டார்கள். கடைசி ஐந்து சீசனில் மொத்தம் 60 வெற்றி, 3 தோல்வி. பெரிங்கர் பாவம், 1996 ஏப்ரலில், புரொஃபஷனல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சிறு விமான விபத்தில் இறந்துபோனார்.

லாரன்ஸ் பிலிப்ஸ் விஷயத்தில் நடந்தது என்ன?

1995 செப்டம்பரில் அணியின் முக்கிய ஓட்டக்காரர் பிலிப்ஸ் தன் முன்னாள் காதலியைத் தாக்கியதற்காகக் கைதானார். ஆஸ்போர்ன் அவரை ஆறு ஆட்டம் நிறுத்திவைத்து, நவம்பரில் திரும்பச் சேர்த்துக்கொண்டார். பட்டம் வென்ற அந்த ஃப்ளோரிடா ஆட்டத்தில் பிலிப்ஸ்தான் தொடக்கத்திலிருந்து இறங்கினார். அணியின் ஒழுங்கும் கட்டுப்பாடும் மட்டும்தான் இந்தப் பையனைப் பிடித்து வைத்திருக்கிறது, அதையும் எடுத்துவிட்டால் அவன் கெட்டுப்போவான் என்பது ஆஸ்போர்ன் சொன்ன காரணம். சின்ன வயதில் வீடு இல்லாமல் அலைந்த பையன் என்பதும் உண்மைதான்.

அவர் மனதில் பட்டதைத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனாலும் அது தவறான முடிவு. அடிபட்ட பெண்ணும் அதே பல்கலைக்கழகத்தில் படித்த விளையாட்டு வீராங்கனை. அவர் படிக்கும் இடத்திலேயே தாக்கியவரை 70,000-க்கும் மேற்பட்டவர்கள் கைதட்டி வரவேற்றால் அவருக்கு எப்படி இருக்கும் என்பதற்கு அந்த முடிவில் இடமில்லை. பையனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஸ்காலர்ஷிப்பையும் மருத்துவ உதவியையும் தொடர்ந்து கொடுத்துவிட்டு, சட்டையைத் திரும்ப வாங்கியிருக்கலாம். பிலிப்ஸ் பிறகு வேறு குற்றங்களுக்காகத் தண்டனை பெற்று 2016-இல் சிறையிலேயே இறந்தார். ஆஸ்போர்னைப் பற்றி எழுதுகிற எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

பட்டத்தோடு ஏன் விலகினார்?

60 வயது, 1985-லேயே இதய பைபாஸ் ஆபரேஷன் ஆனவர், 1997-இல் மறுபடி இதயத் துடிப்பில் கோளாறு. நீண்டகால உதவியாளர் ஃபிராங்க் சோலிச்சுக்குப் பொறுப்பை விட்டுத்தருவதாகவும் சொல்லியிருந்தார். டிவானி தனக்குச் செய்ததை அவருக்குச் செய்தார்.

அரசியல் காலம் எப்படி?

சுருக்கமாகச் சொன்னால் போதும். 2000-இல் குடியரசுக் கட்சி சார்பில் மாநிலத்தின் மூன்றாவது தொகுதியில் நின்று 80 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார், 2001 முதல் 2007 வரை உறுப்பினர். 2006-இல் ஆளுநர் பதவிக்கு ஆசைப்பட்டு, கட்சிக்குள் நடந்த தேர்தலில் அப்போதைய ஆளுநர் டேவ் ஹைன்மனிடம் தோற்றார். நெப்ராஸ்காவில் ஆஸ்போர்ன் தோற்பாரா என்று பலரும் வாயைப் பிளந்தார்கள்.

விளையாட்டுத் துறை இயக்குநர் என்றால் அப்படி என்ன வேலை?

ஃபுட்பால் மட்டுமில்லை, கூடைப்பந்து, வாலிபால், மல்யுத்தம், நீச்சல் என்று எல்லா அணிகளுக்கும் கோச் நியமிப்பது, நீக்குவது, பட்ஜெட் போடுவது, நன்கொடை கொடுப்பவர்களைப் பார்த்துப் பேசுவது, கட்டடம் கட்டுவது, மாணவர்கள் ஒழுங்காகப் படிக்கிறார்களா, விதிமீறல் இருக்கிறதா என்று கண்காணிப்பது, எந்த லீகில் ஆடுவது என்று பல்கலைக்கழகத் தலைமையோடு சேர்ந்து முடிவெடுப்பது. பணத்தில் பெரும்பகுதி ஃபுட்பாலில் இருந்து வருவதால் அந்த ஓர் அணி சறுக்கினால் மற்ற எல்லாமே ஆடும்.

2007-இல் ஏன் அவரைக் கூப்பிட்டார்கள்?

சோலிச்சை, 9 ஆட்டம் ஜெயித்த பிறகும், 2003-இல் அப்போதைய இயக்குநர் ஸ்டீவ் பெடர்சன் நீக்கினார். புரொஃபஷனல் லீகில் இருந்து பில் கேலஹனைக் கொண்டுவந்தார். புதிய முறை, புதிய ஆட்கள். பழைய வீரர்களுக்கும் அணிக்கும் நடுவில் இருந்த ஒட்டு விட்டுப்போனது. 2007 அக்டோபரில் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் சொந்த மைதானத்தில் 45-14 என்று உதை வாங்கியதும் பெடர்சனை அனுப்பிவிட்டார்கள். மறுநாளே ஆஸ்போர்ன் இடைக்கால இயக்குநர். நவம்பர் மாதம் கான்சாஸிடம் 76-39. சீசன் 5-7 என்று முடிந்த மறுநாள் கேலஹனை ஆஸ்போர்ன் நீக்கினார்.

22 வருடப் பொறுமையால் வாழ்ந்தவர், நான்கே வருடம் ஆன கோச்சை நீக்கியது முரண் இல்லையா என்று கேட்பார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் டிவானி பொறுத்தது வருடா வருடம் 9 வெற்றி கொண்டுவந்த கோச்சை, கேலஹன் நான்கு வருடத்தில் இரண்டு முறை தோல்வி சீசன் கொடுத்தவர். சரியாகச் சொன்னால், ஆஸ்போர்னின் பொறுமை சோதிக்கப்பட்டது அடுத்த கோச்சிடம்தான்.

அடுத்த கோச் யார்? அந்தத் தேர்வு சரியா?

போ பெலீனி. 2003-இல் சோலிச்சிடம் டிஃபென்ஸ் பார்த்தவர், சோலிச் போனதும் ஓர் ஆட்டம் இடைக்காலக் கோச்சாக இருந்து ஜெயித்தவர். 2008 முதல் 2014 வரை ஏழு சீசன், ஒவ்வொன்றிலும் 9 அல்லது 10 வெற்றி. ஆனால் லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை, பயங்கரக் கோபக்காரர், மைதான ஓரத்தில் நடுவர்களிடமும் சொந்த ஆட்டக்காரர்களிடமும் அவர் கத்தும் காட்சி டிவியில் அடிக்கடி வரும். ஆஸ்போர்ன் இருந்தவரை அவரை விட்டுவைத்தார். ஆஸ்போர்ன் போன பிறகு வந்த இயக்குநர் ஷான் ஐகார்ஸ்ட் 2014 முடிவில் நீக்கினார். அதற்குப் பிறகு நெப்ராஸ்கா விழுந்த குழியைப் பார்க்கும்போது அந்த 9 வெற்றி எவ்வளவு பெரிது என்று புரிகிறது. 1997 பட்டம் வென்ற குவார்ட்டர்பேக் ஸ்காட் ஃப்ராஸ்டே கோச்சாக வந்தும் 16 வெற்றி, 31 தோல்வியோடு 2022-இல் நீக்கப்பட்டார். ஊர்ப்பிள்ளை என்ற ஒன்று மட்டும் போதாது.

பிக் டென் லீகுக்கு மாறியது அவர் முடிவா?

அவரும் பல்கலைக்கழக வேந்தர் ஹார்வி பெர்ல்மனும் சேர்ந்து எடுத்தது. நெப்ராஸ்கா அதுவரை இருந்த பிக் 12 லீக் 1996-இல் ஆட ஆரம்பித்ததில் இருந்தே டெக்சஸின் கை ஓங்கியிருந்தது, வருடா வருடம் நடந்த ஓக்லஹோமா மோதலும் அதில் அறுந்துபோனது. 2010-இல் லீகே உடையும் நிலை, கொலராடோ கிளம்பிவிட்டது. கடைசியில் தனியாக நிற்கும்படி ஆகிவிடக்கூடாது என்று 2010 ஜூன் 11-இல் மாற்றத்தை அறிவித்து 2011 ஜூலையில் சேர்ந்தார்கள். பழைய ரசிகர்கள் பலருக்கு இன்றும் மனசு ஆறவில்லை. டெக்சஸில் ஆள் பிடிக்கும் வாய்ப்பு குறைந்தது என்பது நியாயமான குறை. ஆனால் பணமும் நிலைத்தன்மையும் பிக் டென்னில்தான் இருந்தன, அடுத்த பத்து வருடத்தில் ஓக்லஹோமாவும் டெக்சஸுமே பிக் 12-ஐ விட்டுப் போக முடிவெடுத்ததைப் பார்த்தால் ஆஸ்போர்ன் கணக்கு தப்பவில்லை.

ஃபுட்பால் தவிர வேறு என்ன செய்தார்?

கூடைப்பந்துக்குப் புதிய பயிற்சிக் கட்டடம், 2012-இல் டிம் மைல்ஸ் என்ற கோச், லிங்கன் நகராட்சியோடு சேர்ந்து 2013-இல் திறந்த பினக்கிள் பேங்க் அரீனா என்ற உள்ளரங்கம். கூடைப்பந்து அங்கே போனதால் காலியான டிவானி சென்டர் வாலிபாலுக்குப் போனது, பெண்கள் வாலிபாலுக்கு இன்று அங்கே கூடுகிற கூட்டம் நாட்டிலேயே பேசப்படுகிறது. ஸ்டேடியத்தின் கிழக்குப் பக்க விரிவாக்கமும் அவர் தொடங்கியதுதான். 2012 செப்டம்பரில் ஓய்வை அறிவித்து, 2013 தொடக்கத்தில் விலகினார். அதன்பிறகு தேசிய பிளே-ஆஃபுக்கு நான்கு அணிகளைத் தேர்வு செய்யும் முதல் குழுவிலும் இடம்பெற்றார்.

டீம்மேட்ஸ் என்பது என்ன?

1991-இல் அவரும் மனைவி நான்சியும் தொடங்கிய வழிகாட்டித் திட்டம். அணியில் இருந்து 22 ஆட்டக்காரர்கள், ஆளுக்கு ஒரு பள்ளி மாணவரை வாரம் ஒருமுறை சந்தித்துப் பேசுவது, அவ்வளவுதான் தொடக்கம். இன்று பல மாநிலங்களில், பெரியவர்கள் ஆயிரக்கணக்கில் பள்ளிகளுக்குப் போய் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். பரிசுக்கோப்பையைவிட இது பெரிய வேலை என்று தயங்காமல் சொல்வேன்.

ஒரே ஓர் ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது, எதைப் பார்ப்பது?

விதி தெரியாதவர்கள் 1984 ஆரஞ்சு பவுலின் கடைசிக் கால்பகுதியைப் பாருங்கள், யூடியூபில் தேடினால் கிடைக்கும். ஆஸ்போர்ன் முறை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் 1995 ஜனவரி மியாமி ஆட்டம், பந்தைப் பார்க்காமல் நெப்ராஸ்காவின் முன்வரிசை ஐந்து பேரை மட்டும் கவனியுங்கள்.